ஆடியது பூமியா, சாமியா?

கனடா அரசாங்கம் எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த நில அதிர்வுக் கருவி, ஈப்போவில் எங்கள் வானிலை அலுவலகத்தின் பின்னறையில் எட்டு மாதமாகப் பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தது. பிரிக்க எல்லோருக்கும் ஆசைதான். பிரித்தபின் என்ன செய்வது என்று சொல்லும் புத்தகம் முந்நூறு பக்கம் இருந்தது. அதில் பாதி பிரெஞ்சு மொழி.

இதே கருவி இந்தியாவில் ஒரு மலைமேல் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, யாராவது போய்ப் பார்த்துக் கற்றுவரட்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. எங்கள் அதிகாரி சீனர். இந்தியாவில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள் என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை. அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுபத்து நாலாம் வருடம் மே மாதம், இருபத்தாறு வயதில், மூன்று வாரப் பயிற்சிக்காக நான் ஏற்காட்டுக்குப் போனது இப்படித்தான். அவர் நம்பிக்கை, நல்ல வேளையாக, சேலம் மாவட்டத்தைப் பொறுத்தவரை சரியாகவே இருந்தது.

சேலத்தில் பஸ் ஏறியதும் கண்டக்டரிடம், மேலே பசியாறக் கடை இருக்குமா என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நான் பல நாள் பட்டினி என்று முடிவுகட்டி, தன் பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது முதல் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மலை முடியும்வரை யாரும் எதுவும் பேசவில்லை. ஓட்டுநர் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாமி பெயரைச் சொன்னார். பதின்மூன்றாவது வளைவில் பஸ் நின்று, இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து அதை மேற்பார்வை பார்த்தன.

எனக்கு அறை ஏற்பாடு செய்திருந்தது ஏற்காடு கடைவீதியில், ஜமீலா அக்கா வீட்டு மாடியில். கீழே அவர் கணவரின் மளிகைக் கடை. அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். நான் வந்த ஐந்தாவது நிமிடத்தில் என் வயது, சம்பளம், கல்யாணம் ஆகாத காரணம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார். பிறகு தேங்காய்ப்பாலும் இடியாப்பமும் வைத்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் இந்தக் கேள்விகளைக் கேட்க மூன்று மாதம் எடுத்துக்கொள்வார்கள், இடியாப்பமும் இவ்வளவு மெல்லியதாக இருக்காது. ஆக மொத்தத்தில் எனக்கு நஷ்டமில்லை.

மறுநாள் காலை ஜீப்பில் சேர்வராயன் மலைக்குப் போனேன். உச்சியில் குகைக்கோயில். அதற்குச் சற்றுக் கீழே, பாறையைக் குடைந்து கட்டிய ஒரு கல் அறைதான் நிலையம். அதிர்வை உணரும் பகுதி பாறைமேல் உட்கார்ந்திருக்கும். பக்கத்து அறையில் ஓர் உருளை மெல்லச் சுற்றும். அதில் சுற்றிய தாளின்மேல் ஒரு பேனா முனை இரவும் பகலும் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். பூமி சும்மா இருந்தால் கோடு நேராகப் போகும். உலகத்தின் எந்த மூலையில் பெரிதாக எது அசைந்தாலும் கோடு நெளியும்.

சிக்கல் என்னவென்றால், லாரி போனாலும் நெளியும், பக்கத்தில் மாடு ஓடினாலும் நெளியும். அதனால் ஒருவர் வெளியே நின்று "லாரிங்க", "மாடுங்க" என்று குரல் கொடுக்க, உள்ளே இருப்பவர் நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். எது பூமியின் அசைவு, எது மாட்டின் அசைவு என்று பிரிப்பது அந்தப் பதிவேட்டை வைத்துத்தான். முந்நூறு பக்கப் புத்தகத்தில் இல்லாத இந்தத் தகவலை முதல் நாளே கற்றுக்கொண்டேன்.

நிலையத்துக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர் ராமநாதன், மெட்ராஸ்காரர், இந்தியத் தரப்பு அதிகாரி. மே மாதத்திலும் மப்ளர் கட்டியிருப்பார், வெயிலிலும் குடை பிடிப்பார், சட்ட திட்டங்களை மனப்பாடமாகச் சொல்வார். இன்னொருவர் பீட்டர், கருவியோடு கனடாவிலிருந்து வந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். மலைக்குளிரில் அரைக்கைச் சட்டையோடு நின்று, ரொம்பப் புழுக்கம் என்பார். ஒப்பந்தப்படி தினமும் பதிவாகும் தாளுக்கு இரண்டு நகல். ஒன்று டெல்லிக்கு, ஒன்று கனடாவுக்கு. இருவரும் மூன்று வருடமாக ஒரே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்து, அதன் திரியை யார் கெடுத்தது என்று மூன்று வருடமாகச் சண்டை போட்டுவந்தார்கள்.

மூன்றாவது ஆள் வெள்ளையன். மலைமேலேயே உள்ள வாழவந்தி கிராமத்துக்காரர், நிலையத்தின் உதவியாளர். வெளியே நின்று குரல் கொடுப்பது அவர்தான். அவர் மலையாளி என்று ராமநாதன் அறிமுகப்படுத்தினார். ஈப்போவில் எனக்குத் தெரிந்த மலையாளிகள் எல்லாம் கேரளத்துக்காரர்கள் என்பதால், எனக்குத் தெரிந்த நாலு மலையாளச் சொற்களை வைத்து நலம் விசாரித்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ராமநாதனிடம் திரும்பி, "ஏனுங்க, அம்மிணிக்குத் தமிழ் வராதுங்களா?" என்றார். இந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்கிறவர்களுக்கு மலையாளி என்று பெயராம். பேச்சு சுத்தத் தமிழ். என்னுடையதைவிட.

பீட்டருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததும் வெள்ளையன்தான். அதனால் பீட்டர் ஆட்டுக்குட்டியைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார்.

வெள்ளையனுக்கு இந்தக் கருவிமேல் இருந்த பாசத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. கருவிக்கு மின்சாரம் வேண்டும் என்று கனடாக்காரர்கள் சொன்னதால், மலைமேல் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். போகிற வழியில் வெள்ளையன் குடியிருந்த தெருவின் இருபது வீடுகளுக்கும் விளக்கு வந்தது. பத்து வருடமாக அவர்கள் கொடுத்த மனுவுக்கு வராத கரண்ட், பூமி ஆடுகிறதா என்று பார்க்க வந்தது. சயின்ஸ் நல்ல சாமிதானுங்க, ஆனா யாரோ வெளியூர்க்காரங்க கும்பிட்டாத்தான் வரம் குடுக்குது என்று அவர் சொன்னபோது ராமநாதன் குடையை விரித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு வாரத்தில் தாள் மாற்றவும், பேனாவுக்கு மை ஊற்றவும், காலை வானொலியின் மணியோசையை வைத்துக் கடிகாரம் சரிபார்க்கவும் பழகிவிட்டேன். மதியம் ராகிக் களியும் கீரையும் வெள்ளையன் வீட்டிலிருந்து வரும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லித் தந்தார்கள். நான் மென்றேன். மூவரும் வருத்தப்பட்டார்கள்.

ஒன்பதாவது நாள் சேர்வராயன் திருவிழா. ராமநாதனும் பீட்டரும் அன்று காலை உதிரிப் பொருள் வாங்கச் சேலத்துக்குப் போய்விட்டார்கள். திருவிழா நாளில் எப்படியும் கோடு முழுக்கக் கிறுக்கலாகத்தான் இருக்கும், ஒரு பூகம்பமும் வந்துவிடப் போவதில்லை என்பது அவர்கள் எண்ணம். ஆனாலும் ஆள் இல்லாமல் விடக்கூடாது என்று சட்டம். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை நான் அறையைவிட்டு நகரக்கூடாது, வெள்ளையன் வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும் என்று ராமநாதன் எழுதியே வைத்துவிட்டுப் போனார்.

விடியும்முன்பே மலை நிறைந்துவிட்டது. ஜீப், லாரி, நடந்து வரும் குடும்பங்கள், தாரை, தப்பட்டை. ஊர் ஊராகக் கூட்டம் மேலே போய்க்கொண்டிருந்தது. பேனா முனை பைத்தியம் பிடித்ததுபோல் மேலும் கீழும் ஓடியது. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு வானொலி மணியோசையைக் குறித்தேன். அப்போது வெள்ளையன் வாசலில் வந்து நின்றார்.

"சாமி வெளிய வர்ற நேரமுங்க. நான் வருசா வருசம் பாக்கறவன். அத்தனை தூரத்திலிருந்து வந்திருக்கறீங்க, ஓடிப்போய் ஒரு கண்ணு பாத்துட்டு வாங்க. மிசினை நான் பாத்துக்கறேன்."

நான் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவைதான். அடுத்த நிமிடம் படியேறி ஓடிக்கொண்டிருந்தேன்.

கோயில் முன்னால் தலைகள். கடைகளுக்கு நடுவில் வளையல் விரித்து உட்கார்ந்திருந்த ஜமீலா அக்கா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். குகை வாசலில் மேளம் உச்சத்துக்கு ஏறி, திடீரென்று நின்றது. உள்ளே பூசை முடிந்து சாமியை எடுத்து வருகிறார்கள். அத்தனை ஆயிரம் பேரும் கைகூப்பி, ஆடாமல் அசையாமல் நின்றார்கள். குழந்தைகளின் வாயைக்கூடப் பொத்தினார்கள். காற்று ஒன்றுதான் சத்தம் போட்டது. வேலையை விட்டுவிட்டு வந்தவளுக்கு வேறெங்கே பார்வை போகும்? நான் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு ஏழு. எட்டு ஒன்பது. எட்டுப் பன்னிரண்டுக்குச் சாமி வெளியே வந்தது, மேளம் மறுபடி வெடித்தது, நான் திரும்பி ஓடினேன்.

அறையில் வெள்ளையன் தாளைப் பார்த்தபடி நின்றிருந்தார். பதிவேட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. அவருக்கு எழுத வரும், ஆனால் தன் கையெழுத்து அங்கே இருந்தால் எனக்குக் கெடுதல் என்று எழுதவில்லை. நான் மூச்சிரைக்க உட்கார்ந்து, எட்டு மணி முதல் எட்டே கால்வரை என்று போட்டு, 'தொடர்ந்து மேளம், ஆட்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கால் மணி நேரத்தை உலகத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்பது என் கணக்கு.

உலகம் முழுவதும் கேட்டது. அன்று காலையிலேயே வானொலி செய்தி சொல்லிவிட்டது. இந்தியா ராஜஸ்தான் பாலைவனத்தில், பூமிக்கு அடியில், அணுவெடிச் சோதனை நடத்தியிருந்தது. நேரம் எட்டு மணி ஐந்து நிமிடம். அங்கே கிளம்பிய அதிர்வு பாறை வழியாக ஏற்காட்டுக்கு வந்துசேர ஏறக்குறைய நாலு நிமிடம் ஆகும். எட்டு ஒன்பது.

கடைவீதியில் மிட்டாய் கொடுத்தார்கள். நான் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு, வாயில் வைக்க முடியாமல் மாடிக்குப் போனேன்.

மறுநாள் ராமநாதனுக்கு டெல்லியிலிருந்து டிரங்க் கால் வந்தது. தபால் நிலையத்தில் இருந்த தொலைபேசியில் டெல்லிக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். "ரகசியமா வெச்சுக்கணும், சரி சார்! யாருக்கும் காட்டக் கூடாது, சரி சார்! கனடாக்காரருக்கும் கூடாது, சரி சார்!" என்று அவர் கத்தியது ஏரிக்கரைவரை கேட்டதாக ஜமீலா அக்கா சொன்னார். அன்று மதியமே பீட்டருக்குத் தந்தி வந்தது. நேற்றைய தாளின் நகலை ஒப்பந்தப்படி உடனே அனுப்பு என்று.

நான் அதுவரை பார்க்காத ஒன்றை அந்த வாரம் பார்த்தேன். மூன்று வருடமாகத் திரிக்குச் சண்டை போட்டவர்கள், ஒருவரிடம் ஒருவர் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். "தயவுசெய்து உப்பை நகர்த்த முடியுமா" என்றார் பீட்டர். "தாராளமாக, மிஸ்டர் பீட்டர்" என்றார் ராமநாதன். இரண்டு நாடுகளுக்கு நடுவில் உறவு கெட்டுவிட்டது என்பதைப் பத்திரிகை எழுதுவதற்கு முன்னால் உப்பு ஜாடியிலேயே நான் தெரிந்துகொண்டேன்.

தாளைப் பீட்டர் முதல் நாளே, உத்தரவு எதுவும் வருமுன், பார்த்துவிட்டிருந்தார். கிறுக்கல்களுக்கு நடுவில் எட்டு ஒன்பதுக்கு ஒரு சின்ன நெளிவு இருந்தது. மேளத்தால் வருகிற நெளிவு மாதிரி அது இல்லை, சுத்தமாக இருக்கிறதே என்று அப்போதே சொல்லியிருந்தார். ஆனால் பதிவேடு 'தொடர்ந்து மேளம்' என்றது. டெல்லி ராமநாதனிடம் கேட்டதும் அதைத்தான். அந்த நெளிவு வெடிப்பா, மேளமா? பொறுப்பானவர் கையெழுத்தோடு பதில் வேண்டும்.

ராமநாதன் முறையான ஆள். கோயில் பூசாரியிடம் போய் விசாரித்தார். பூசை முடிந்து சாமி வெளியே வரும்வரை மேளம் அடிக்க மாட்டோமே என்று பூசாரி சொல்லிவிட்டார். அப்படியானால் பதிவேடு தப்பு. உள்ளே இருந்த நான் எழுதியது, வெளியே இருந்தவர் சொன்னதைக் கேட்டு. ஆகவே தப்பு வெள்ளையனுடையது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். வெள்ளையன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தாங்க தப்பாச் சொல்லீட்டேன்" என்றார்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அன்று மாலை இடியாப்பம் வைத்துக்கொண்டே ஜமீலா அக்கா சொன்னார்.

"வெள்ளையனுக்கு வேலை போகுதாமே கண்ணு. பொய்க் கணக்குச் சொன்னான்னு எழுதிப் போடறாங்களாம். மேளம் நின்ன நேரத்துல நீங்க என் கடைக்கு எதுத்தாப்லதான நின்னுட்டு இருந்தீங்க?"

அவர் கேட்டது கேள்வி மாதிரியே இல்லை. என் தட்டில் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். நான் அன்று சாப்பிடவில்லை. சொல்லிவிட்டால் என்னைத் திருப்பி அனுப்புவார்கள். ஈப்போவில் பெண்ணை அனுப்பினால் இப்படித்தான் என்பார்கள், அடுத்த இருபது வருடத்துக்கு வேறொரு பெண்ணை எங்கேயும் அனுப்பமாட்டார்கள். சொல்லாவிட்டால் என் ஆசைக்காகத் தன் சாமியைப் பார்க்காமல் நின்ற மனிதர் பொய்யர் என்று பேர் வாங்குவார்.

மறுநாள் காலை நிலையத்துக்குப் போனபோது இருவரும் ஸ்டவ்வைச் சுற்றி உட்கார்ந்து, மரியாதையாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையன் வாசலில் நின்றிருந்தார். ராமநாதனைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவ்வளவு அறிவு வேலை செய்யவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் மேலே போனது, மேளம் நின்றது, எட்டு ஏழிலிருந்து எட்டுப் பன்னிரண்டுவரை ஆயிரக்கணக்கான பேர் மூச்சுக்கூட விடாமல் நின்றது, நான் கடிகாரத்தைப் பார்த்தது, திரும்பி வந்து பொய் எழுதியது.

ராமநாதன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார். நீங்க இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது. டெல்லி கேட்ட ரகசியத்துக்கான பதில், கனடாக்காரர் முன்னால், சத்தமாக, நேரத்தோடு சொல்லப்பட்டுவிட்டது. அந்த நெளிவு வெடிப்புதான். அவர் முகம் வெளுத்துப்போய் மெல்லப் பீட்டர் பக்கம் திரும்பினார்.

பீட்டர் ஸ்டவ்வின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"எனக்குத் தமிழ் நொம்பத் தெரியாதுங்க."

வாழவந்தியில் பிறந்தவர்கள்கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வாசலில் வெள்ளையன் இருமினார். தன் மாணவனைப் பற்றிய பெருமையை அவரால் அடக்க முடியவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

ராமநாதன் பதிவேட்டை எடுத்து, நான் எழுதியதைப் படிக்கும்படியாகவே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதச் சொன்னார். எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். வெள்ளையனைப் பற்றி எழுதியிருந்த கடிதத்தைக் கிழித்தார். பிறகு தாளையும் பதிவேட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். பீட்டர் அன்று மதியம் தபால் நிலையத்துக்குப் போய்த் தன் நாட்டுக்குத் தந்தி கொடுத்தார். தாள் இந்திய அதிகாரியின் பொறுப்பில் இருக்கிறது, அவரைக் கேட்கவும் என்று. அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

நாலு நாளில் பீட்டரைத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். அமைதிக்கென்று தான் கொடுத்த அணு உலையிலிருந்துதான் வெடிக்கான பொருளை எடுத்திருக்கிறார்கள் என்று கனடா கோபத்தில் இருந்தது. ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது. இனிப் பேனா முனையும் தாளும் வராது. இந்தியத் தரப்பிலும் உத்தரவு வந்தது. இனி வெளிநாட்டுக்காரர் நிலையத்துக்குள் வரக்கூடாது, கருவியைத் தொடக்கூடாது, நிலையத்தின் ஜீப்பில் ஏறக்கூடாது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் என் பயிற்சியும் முடிந்தது.

வெள்ளையனுடைய கவலை மின்சாரக் கம்பம். சண்டை முத்தினால் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போவார்களா என்று பீட்டரிடம் கேட்டார். பீட்டர் நேர்மையாக, தெரியாதுங்க என்றார். பின்னால் தெரிந்தது, யாரும் பிடுங்கவில்லை. கம்பம் நட உத்தரவு போடத் தெரிந்த அலுவலகங்களில் அதைப் பிடுங்க எந்தப் பிரிவு என்று யாருக்கும் தெரியவில்லையாம். அரசாங்கங்களின் மறதியில் இருபது வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கிளம்பும் நாள் வெள்ளையன் ஒரு பை நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பழியை நீங்கள் ஏன் உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"நான்தானுங்க உங்களைப் போகச் சொன்னேன். விருந்தாளியை அனுப்பிவெச்சுட்டு அப்புறம் காட்டிக் குடுத்தா, எங்க ஊட்டுல சோறு போடுவாங்களா?"

நானும் பீட்டரும் காலை பஸ்ஸில் ஏறினோம். எட்டாவது வளைவில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. இந்த முறை தண்ணீர் போதவில்லை. எல்லோரும் இறங்கி, பெட்டிகளின்மேல் உட்கார்ந்து, பலாச்சுளையைப் பங்கிட்டோம். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், வெள்ளைக்காரர் கையில் பிசுக்கு ஒட்டாமல் கொட்டையை எடுத்ததைப் பார்த்து, தன் மனைவியிடம், "இவன் நம்மூர்ப் பொண்ணைக் கட்டியிருப்பான்" என்றார். பீட்டர் என்னைப் பார்த்துவிட்டு, அவசரமாக இல்லீங்க என்றார்.

அரை மணி கழித்து மேலேயிருந்து நிலையத்தின் ஜீப் வந்தது. ராமநாதனே ஓட்டிவந்தார். பின்சீட்டில் குடை படுத்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் சாலையைப் பார்த்துப் பேசினார்.

"வெளிநாட்டுக்காரரை ஜீப்புல ஏத்தக் கூடாதுன்னுதான் உத்தரவு. பஸ் பிரேக்டவுன் ஆகி வழியில நிக்கிறவங்களைப் பத்தி அதுல ஒண்ணும் எழுதலை. நான் நாலு தடவை படிச்சுப் பார்த்துட்டேன்."

அங்கே நிற்கும் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் என்று நான் அவருக்கு நினைவூட்டவில்லை. ஏறிக்கொண்டோம்.

சேலம் ஜங்ஷன் போகிற வழியில் ராமநாதனிடம், என்னைப் பற்றி ஈப்போவுக்கு என்ன எழுதப் போகிறார் என்று கேட்டேன். நடந்ததை எழுதுவேன் என்றார். எழுதவும் செய்தார். என் தவறை ஒளிக்காமல் முதலில் எழுதி, கடைசியில், இவரிடம் பதிவேட்டை நம்பி ஒப்படைக்கலாம், பொய் எழுதினால் எவ்வளவு சிரமம் என்று இவருக்குத் தெரியும் என்று முடித்திருந்தார். எங்கள் அதிகாரி அதை மூன்று முறை படித்துவிட்டு, இது புகாரா, பாராட்டா என்று என்னையே கேட்டார். பின்னறைப் பெட்டியை மட்டும் என்னையே பிரிக்கச் சொன்னார்.

மெட்ராஸ் ரயில் வர நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு டீக்கடை முன்னால் நின்றோம். ராமநாதன் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். பத்து நாளாக அந்த மனிதருக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவரும் பீட்டரும் அந்தச் சின்ன நெளிவை ஒரே ஒரு முறை பார்த்தவர்கள். நெளிவின் உயரத்தை வைத்து வெடிப்பு எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள். அதைப் பற்றி இந்த உலகத்தில் பேசக்கூடிய ஒரே ஆள் எதிரில் நிற்கிறார். பேச உத்தரவில்லை.

கடைசியில் ராமநாதன் என்னிடம் ஒரு பேனாவும் நோட்டிலிருந்து இரண்டு தாளும் கேட்டார். ஒன்றைப் பீட்டரிடம் நீட்டினார். பீட்டர் எதற்கு என்று கேட்கவில்லை. இருவரும் முதுகோடு முதுகு திரும்பி நின்று, ஒருவர் எழுதியபின் பேனாவைத் தோள்மேல் நீட்டி மற்றவரிடம் கொடுத்து, பரீட்சைப் பிள்ளைகள் மாதிரி கையால் மறைத்து எழுதினார்கள். தாளை மடித்து மாற்றிக்கொண்டார்கள். பிரித்தார்கள்.

ராமநாதன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பீட்டர் அவர் தோளில் கைபோட்டார். இரண்டு தாளையும் என்னிடம் காட்டினார்கள். இரண்டு எண்ணும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அந்த வாரம் அவர்கள் இருவருடைய நாட்டுப் பத்திரிகைகளிலும் வந்த எந்த எண்ணுக்கும் அவை சொந்தக்காரர் இல்லை. என்ன எண் என்று அதற்கப்புறம் பல பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். நான் சொன்னதில்லை.

ராமநாதன் இரண்டு தாளையும் வாங்கிக் கசக்கி, டீக்கடைக்காரரின் கரி அடுப்பில் போட்டார். ஒரு நொடி பெரிதாக எரிந்து அடங்கியது. அந்தச் சூட்டில் கொதித்த டீயைத்தான் மூன்று பேரும் நின்றபடி குடித்தோம். சர்க்கரை அதிகம் என்று மூவரும் ஒரே சமயத்தில் சொன்னோம்.